உம்மா என்னிடம் மறைத்த நோன்பு

உம்மாவின் காலில் தறிக்கட்டை பட்டு உண்டான புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. டொக்டர் அதைச் சலரோகம் (இரத்தத்தில் சீனி கூடும் நோய்) என்றார். தினமும் காலையில் இன்சுலின் (சீனியைக் குறைக்கும் ஊசி மருந்து) போடச் சொன்னார்.

நான் கொழும்பில் தாதிப் பயிற்சி முடித்து எங்கள் ஊரான மருதமுனைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊசியை அவிப்பது, மருந்துப் போத்தலைக் குளிர்ச்சிக்காக ஈரமணல் சட்டியில் வைப்பது, சிறுநீரை நீல மருந்தில் காய்ச்சி நிறம் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. நேரம், அளவு, நிறம் மூன்றையும் கொப்பியில் எழுதினேன். சீனி கூடுதலென்று காட்டும் செங்கல் நிறம் மெல்லப் பச்சையானது. புண் மூடத் தொடங்கியது.

நோன்பு மாதம் வந்தது. இன்சுலின் ஏற்றிக்கொள்கிறவர் பட்டினி கிடக்கக் கூடாது. சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடும்.

"வருத்தக்காரருக்கு நோன்பு விட அனுமதி இருக்கு, உம்மா."

"பக்கத்து வீட்டாக்கள் என்ன சொல்லுவாங்க?"

"அவங்களா வந்து ஊசி போடுற? இதப்பத்தி இனிக் கதைக்க வேணாம்."

உம்மா கதைக்கவில்லை. நான் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

நோன்பின் முதல் ஐந்து நாளும் சிறுநீர் நீலமாகவே இருந்தது. சீனி இல்லை என்று மகிழ்ந்து அந்த வரிகளுக்கு அடிக்கோடிட்டேன். ஆறாம் நாள் ஊசி போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பகலில் வாப்பா ஆள் அனுப்பினார். நான் போனபோது உம்மா வியர்வையில் நனைந்து, நினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் (சீனிநீர்) ஏற்றினார்கள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டவ?" என்று டொக்டர் என்னிடம் கேட்டார். கொப்பியில் அதற்கு இடமே இருக்கவில்லை.

வாப்பாதான் சொன்னார். "விடியுமுன்ன சஹருக்குக் கொஞ்சம் சோறு, அவ்வளவுதான். ஆறு நோன்பும் புடிச்சவ."

"ஏன் வாப்பா என்னிட்டச் சொல்லல்ல?"

"நீ டொக்டர விடப் பெரிய டொக்டர், மகள். எங்களுக்குப் பயம்."

உம்மா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நோன்பு முறிஞ்சிட்டா?" அடுத்து, "என்ன ஏசாத, மகள்."

உம்மா பிழைத்தார். சீனி இறங்கிக் கிடந்ததில் மறந்த சில பெயர்கள் மட்டும் அவர் நினைவுக்குத் திரும்பி வரவில்லை. தன் தங்கையின் பெயர் அவற்றில் ஒன்று.

வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் உங்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இதுதான்: உங்களிடம் உண்மை சொல்ல அவர் பயப்படுகிறாரா என்று முதலில் பாருங்கள். நான் இப்போது வார்ட்டில் நின்றுகொண்டு கேள்வி கேட்பதில்லை. கட்டிலருகே வாங்கில் உட்கார்ந்து, அவர்கள் கதைக்கும்வரை காத்திருக்கிறேன். வேலை பிந்துகிறது. பிந்தட்டும்.

இப்போது என் நாள் உம்மாவின் சாப்பாட்டு வேளைகளால் பிரிகிறது. நான் நோன்பிருக்கும் நாளில், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் பசியில் என் கை லேசாக நடுங்கினால், எழுந்து போய் உம்மாவின் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.

"சாப்பிட்டன் மகள்," என்கிறார், நான் கேட்கும் முன்பே.