கடலை ஒளித்த வீடு

சன்னல்களுக்கு வெளியே மரச்சட்டத் திரைகள் கடகடவென்று சரிந்து இறங்கும் சத்தம்தான், அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் கேட்கிறது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தெருவின் மேல்முனையில் ஒரு வீட்டில் தொடங்கி, வீடு வீடாக இறங்கி வந்து, எங்கள் வீட்டு "பெர்சியானா"வோடு அது ஓயும். பிறகு வெள்ளையடித்த சுவர்களும் வெயிலும் மட்டும் தெருவில் விழித்திருக்க, மனிதர், நாய், பூனை எல்லாம் இருட்டுக்குள் உறங்கிப்போகும். அந்த உறக்கத்துக்கு அங்கே "சியெஸ்தா" என்று பெயர். பகலில் படுத்தால் மூதேவி பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்த என் அப்பா, போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே "ஊரோட ஒத்து வாழ வேணும்" என்று சொல்லிக்கொண்டு, ஊராரைவிடப் பலமாகக் குறட்டை விடத் தொடங்கினார்.

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மலைச்சரிவில் இருந்த சின்ன ஊர் அது. கனடாவுக்கென்று திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நாங்கள் பாதி வழியில் தடைப்பட்டு, மொன்றியலில் இருந்த பெரியப்பா எங்களைக் கூப்பிட்டெடுக்கும்வரை அங்கே இருந்தோம். அப்பாவுக்குக் கடற்கரை ஹோட்டலொன்றின் சமையலறையில் மாலை வேலை. வேலை கரையில் இருக்க வீடு ஏன் மலையில் என்று யாராவது கேட்டால், மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்பார். உண்மைக் காரணம் அம்மா.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு நாள் தோணியில் மீன்பிடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. தோணியும் வரவில்லை, உடலும் வரவில்லை. காணாமல் போனவனுக்கு எதற்குச் செத்தவீடு என்று அம்மா எந்தக் கிரியையும் செய்யவிடவில்லை. ஆடி அமாவாசைக்கு அவர் பேரில் எள்ளும் தண்ணீரும் இறைக்கவும் சம்மதிக்கவில்லை. சோறு தண்ணீர் மறந்து கரையே கதியென்று நின்று, கடைசியில் படுத்த படுக்கையாகிவிட்டார். அதனால்தான் கடல் கண்ணில் படாத ஊராகப் பார்த்து அப்பா எங்களைக் குடிவைத்தார்.

அப்படித்தான் நினைத்தார். குடிவந்த மறுநாள் ஈர உடுப்புகளோடு மொட்டைமாடிக்கு ஏறிய எனக்கு, ஒலிவ மரங்களுக்கு அப்பால், இரண்டு குன்றுகளின் நடுவே, நீல ரிப்பன் ஒன்றை இழுத்துக் கட்டியதுபோல் கடல் தெரிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கத்தப் போனேன். பின்னால் வந்த அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்மாட்ட மூச்சு விடாதை, பிள்ளை. அவ இன்னொருக்கா விழுந்தா எழும்பமாட்டா."

அன்றிலிருந்து கடலை ஒளித்துவைப்பது எங்கள் இருவரின் வேலையாயிற்று. அம்மாவின் முழங்காலைச் சாட்டி, மாடியில் உடுப்பு உலர்த்துவதை நான் எடுத்துக்கொண்டேன். தெற்குப் பக்கச் சன்னலின் பெர்சியானாவைக் கம்பியால் கட்டிவிட்டு, அது பழுது என்றார் அப்பா. பக்கத்து வீட்டுக் கார்மென் மாமிதான் எங்களுக்குப் பெரிய ஆபத்து. "தெர்ரால்" என்கிற தரைக்காற்று, அடுப்பைத் திறந்ததுபோல் மலையிலிருந்து வீசும் நாட்களில் கடல்மேல் கவிந்திருந்த புகாரெல்லாம் விலகி, அது பளிச்சென்று தெரியும். மாமி கோப்பியோடு வந்து, கைகளை விரித்து விரித்து அதன் அழகைச் சொல்வார். அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பு.

"வெயில் கடுமையாம், அம்மா."

"இவ்வளவு நேரமும் வெயிலைப் பற்றியோ கதைச்சவ?"

"ஓம். இங்கத்தைய வெயில் அப்பிடியாம்."

அம்மா கோப்பியைக் குடித்தார்.

அப்படியொரு தெர்ரால் நாளில், சியெஸ்தா நேரத்தில் தாகமெடுத்து விழித்தேன். சட்டங்களின் இடுக்கால் வந்த வெளிச்சம் சுவரில் கோடுகோடாகக் கிடந்தது. தோடம்பழத் தோல் மணத்தது. ஊர் முழுவதும் ஒரே மூச்சாக உறங்குவதுபோல இருந்தது. அந்த நேரத்தில் நடந்தவை எல்லாம் இன்றும் எனக்குப் பாதி கனவுதான். அம்மாவின் பாய் வெறுமையாக இருந்தது. மாடிக் கதவு திறந்திருந்தது.

சுவரோரம் இருந்த ஒரு முழ நிழலில், காலை நீட்டிக்கொண்டு, தெற்கே பார்த்தபடி அம்மா இருந்தார். வேறொன்றும் தோன்றாமல், கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கைவிரிப்பை இழுத்து, இரண்டு கையாலும் கடலுக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன்.

"விடு பிள்ளை, கை நோகும்," என்றார் அம்மா. "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கப் பார்க்கிறியள், அப்பாவும் மகளும். வந்த கிழமையே நான் கண்டிட்டன்."

ஊர் உறங்கும் மதியங்களில் எல்லாம் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். நான் அழத் தொடங்கினேன். அம்மா திரும்பவும் படுத்துவிடுவாரோ என்ற பயம்தான். அவர் என்னை மடியில் இழுத்துவைத்து, தூரத்தில் வெள்ளைப் புள்ளியாய் நின்ற ஒரு படகைக் காட்டினார்.

"ஊர்க் கரையில நிண்டா, அவன் போன திசைதான் கண்ணுக்குள்ள நிக்கும். இஞ்ச இருந்து பார், அது போகுதோ வருதோ எண்டு சொல்லேலுமோ? எனக்கு அவ்வளவு காணும்."

நானும் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

"அப்பாக்குத் தெரிய வேண்டாம்," என்றார் பிறகு. "அந்த மனுசன் எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டுக் கடலை மறைச்சு வச்சிருக்குது. நிம்மதியா நித்திரை கொள்ளட்டும்."

கீழே அப்பாவின் குறட்டை கேட்டது. அதன்பிறகு மதியங்களில் நாங்கள் இருவரும் அந்த நிழலில் இருந்தோம். அந்த மலையில்தான் அம்மா திரும்பச் சாப்பிடத் தொடங்கினார், கொஞ்சம் சதையும் வைத்தார். எல்லாம் தன் ஏற்பாட்டின் பலன் என்று அப்பா நம்பினார். கடைசிவரை அந்தத் திருப்தியோடுதான் இருந்து, இந்தக் குளிர்தேசத்தில் கண்ணை மூடினார்.

அம்மா இப்போது மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் எங்களோடு இருக்கிறார். ஆடி அமாவாசைக்கு அப்பாவின் பேரைச் சொல்வோம். மாமாவின் பேரைச் சொல்ல இன்னும் விடமாட்டார். போன கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், என் மகள் அந்த ஊரைத் தொலைபேசியில் தேடி எடுத்தாள். எங்கள் வீடு இன்று விடுமுறைக்காரருக்கு வாடகைக்குப் போகிறது. மரத் திரைகள் போய், பொத்தானை அமர்த்தினால் சத்தமில்லாமல் இறங்குகிறவை வந்திருக்கின்றன. கார்மென் மாமியின் வீட்டில் ஏதோ கடை. மொட்டைமாடியில் சாய்வு நாற்காலிகள். அவற்றுக்கு அப்பால், அந்த இரண்டு குன்றுகளுக்கும் நடுவே, புத்தம் புதிய வெள்ளை அடுக்குமாடி ஒன்று இடைவெளி விடாமல் எழும்பி நிற்கிறது.

அம்மா கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்டார், "மாடியில இருந்து கடல் தெரியுதோ?"

மகளிடமிருந்து தொலைபேசியை வாங்கினேன். என் பெருவிரல் தானாகப் போய் அந்தக் கட்டடத்தின்மேல் இருந்துகொண்டது.

"தெரியுது, அம்மா. நல்லாத் தெரியுது."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். அதை விலக்கச் சொல்லவில்லை.

"நீ அப்பான்ர பிள்ளைதான்," என்றார்.