ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த மாத்திரை

முகப்பவுடர் டப்பா ஒன்று எட்டு மாதம் என் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. உள்ளே இருந்த மாத்திரை அட்டை என்னுடையதல்ல. விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் என்னோடு ஒரே அறையில் திரி வைத்த அக்காவுடையது.

அக்காவின் அம்மா நாற்பத்தாறு வயதில் சினைப்பைப் புற்றுநோயில் போனவர். சித்தியும் அப்படியே. தனக்கும் அதுதான் என்று அக்கா முப்பத்தேழு வயதிலேயே முடிவுகட்டியிருந்தார். விருதுநகர் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதாமாதம் முட்டை வெளியேறும்போது சினைப்பையில் சின்னக் காயம் பட்டு ஆறுகிறது, மாத்திரையின் ஹார்மோன் அந்த வேலைக்கு ஓய்வு கொடுக்கும், நோய் வரவே வராது என்று சொல்ல முடியாது, வாய்ப்பு குறையும் என்று விளக்கினார். வீட்டிலோ, நோவுக்காரக் குடும்பத்துக்கு ஹார்மோன் மாத்திரை வேறா என்று ஒரே சத்தம். அதனால் அட்டை என் பைக்கு வந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு ஒன்று எடுத்துக் கொடுப்பேன்.

இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு. நான் ஆமத்தூரில் இருப்பேன், அக்கா விஸ்வநத்தத்தில் இருப்பார். மாத்திரைக்கும் லீவு என்று விட்டுவிட்டோம். தீபாவளி சீசன் முடிந்து ஒரு மாதம் ஆலையைப் பூட்டினார்கள். அந்த மாதம் முழுக்க டப்பா என் வீட்டு அலமாரியில் தூங்கியது.

பொங்கல் கழிந்து ஒருநாள் அக்கா வெளிறிப்போய் வந்தார். வயிறு உப்பல், சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். விருதுநகர் பஸ்ஸில் என் கையை விடவேயில்லை. "எம் மகன் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் இருந்தாப் போதும்டி" என்றார். மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்காத பாவி நான்தானே என்று உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கு. உள்ள ஒரு ஆளும் நல்லா இருக்கு" என்றார். நடந்ததைச் சொன்னதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சினைப்பைக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமாம்மா?"

அக்கா அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்துவிட்டார். கர்ப்பமும் பால் கொடுப்பதும்கூடச் சினைப்பைக்கு ஓய்வுதான் என்று சொல்லி டாக்டரம்மா தேற்றினார். மகள் பிறந்தாள். பிறகு ரத்தம் எடுத்து மரபணுவைப் பார்த்ததில் அம்மாவின் கோளாறு அக்காவுக்கும் இருப்பது தெரிந்தது. நாற்பத்திரண்டில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார்கள். ஹார்மோன் திடீரென்று நின்றதில் உடம்பு அனலாகக் கொதிக்க, சித்திரை வெயிலே தேவலை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன வாரம் போன் செய்தார். நாற்பத்தேழு பிறந்துவிட்டதாம்.

"இன்னையில இருந்து எங்கம்மாவவிட நான் மூத்தவ. இனி கிழவி ஆகுறது எப்படின்னு நானாத்தான் பழகிக்கிறணும்டி."