அழாதவளின் வலி

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகளுக்கு முழங்கால் மாற்றி வைத்தார்கள். வயது இருபத்தாறு. பன்னிரண்டு வயதில் வந்த மூட்டுவாதம் அந்தக் காலை விறைக்க வைத்துவிட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து குன்னத்துகால் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது டாக்டர் சொன்னது இது: ஆறு வாரத்துக்குள் கால் செங்கோணத்துக்கு மடங்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி மயக்கம் கொடுத்துத்தான் மடக்க வேண்டும். அந்த ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இன்னொரு முறை உட்கார என்னால் ஆகாது.

மூன்று நேரம் வலி மாத்திரை என்று சீட்டில் இருந்தது. பழகிவிட்டால் விடாது என்ற பயத்தில் அதை நான் அலமாரியில் பூட்டினேன். நேரமானால் அவள் முகத்தைப் பார்ப்பேன். அழவில்லை என்றால் கொடுக்கமாட்டேன். நான் பள்ளிக்கூடத்து டீச்சர்; சீட்டைவிட என் கண்ணை நம்பினேன்.

மூன்றாவது வாரமும் கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. பயிற்சி கொடுக்க நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் பெண் குதிகாலைப் பிடித்து மடக்கியதும், மகள் போர்வையைக் கடித்துக்கொண்டாள். சத்தமில்லை. அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள்.

"டீச்சரே, காலையில குளிகை குடுத்தியளா?"

"மாத்திரையா? அவ அழுவலையே. வலி இல்லேன்னு..."

மகள் போர்வையை வாயிலிருந்து எடுத்தாள். "அம்மா, பதினாலு வருசமா அழுது முடிச்சாச்சு. இனி குளிகைக்குன்னு தனியா அழணும் ஆக்கும்?"

பயிற்சிப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"வேதனை வந்த பொறவு அதுக்க பின்னால ஓடப்பிடாது, டீச்சரே. சீட்டுல உள்ள நேரத்துக்கு, ஆகாரம் உண்டதும் குடுங்க. நாளைக்கு அது கழிஞ்சு அரைமணிக்கூர்ல நான் வாறேன்."

"பழகிப்போவாதா?"

"டாக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்துவோம். மடங்காத முட்டுதான் பழகிப்போவும்."

அலமாரிச் சாவியை மகளிடம் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அதிகாரம் அவளுடையது. "எட்டு மணியாச்சு, கஞ்சி எங்க?" என்று உள்ளிருந்து குரல் வரும். அவள் விழுங்கும்போதெல்லாம், பழகிப்போகுமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். நான்காம் நாள் மடக்கியபோது குதிகால் மெத்தையில் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தது. பிறகு தினமும் விரல் அகலம்.

ஆறாவது வாரம் டாக்டர் கோணமானி வைத்து அளந்தார். தொண்ணூறு டிகிரி, அதற்கு மேலும் பத்து. மாத்திரையை ஒரு நேரமாகக் குறைத்து எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் போய், காலை மடக்கி உட்கார்ந்தாள். நடைவழியில் கால் நீட்டியதற்காக எத்தனையோ கண்டக்டர்களிடம் திட்டு வாங்கியவள். அன்றைய கண்டக்டர் பாறசாலை வருவதற்குள் நாலு முறை எங்களைக் கடந்துபோனார். ஒன்றும் சொல்லவில்லை.