பன்னிரண்டு மணிக்கு வீட்டில் யார்?

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த திங்கட்கிழமை, பகல் 12.10க்கு வீட்டு அழைப்பு மணி அடித்தது. அவள்தான். "ஊட்டுக்குப் போயிச் சாப்புடச் சொல்லிட்டாங்கப்பா டீச்சர்." நான் பையில் வைத்தனுப்பிய எவர்சில்வர் தட்டு அப்படியே இருந்தது. சுவிட்சர்லாந்தின் இந்தச் சிற்றூரில் பள்ளிக்கு மதியம் ஒன்றரை மணிநேரம் இடைவேளை. பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். எதையும் நாள், நேரத்தோடு குறித்துவைப்பவன் நான். இதை மட்டும் விசாரிக்கவில்லை.

எங்கள் ஊரான எருமப்பட்டியில் விசாரிக்கத் தேவையே இருந்ததில்லை. அம்மா காலை ஏழு மணிக்கு மரவள்ளிக் காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். நாங்கள் தட்டோடு பள்ளிக்குப் போனால் போதும், சத்துணவு உண்டு. இன்று தங்கை செல்வியின் பிள்ளைகளுக்குக் காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது. அதனால்தான் அவளால் விடிந்ததும் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போக முடிகிறது.

இங்கே என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை கிடைத்திருந்தது. வாரம் மூன்று நாள், பகல் முழுவதும். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். செவ்வாயன்று ஆசிரியையிடம் போய், பள்ளியில் சாப்பாடு போடமாட்டீர்களா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "வீட்டில் உணவுக்குச் சிரமமா?" என்றார் தாழ்ந்த குரலில். சிரமம் உணவுக்கு அல்ல, மனைவியின் வேலைக்கு என்று புரியவைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. 'மிட்டாக்ஸ்டிஷ்' என்ற கட்டண மதிய உணவுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே இடமில்லை.

செல்வியிடம் போனில் சொன்னேன். "ஏனுங்ண்ணா, அத்தாப்பெரிய நாட்டுல ஒரு வாய் சோத்துக்குப் புள்ளைய ஊட்டுக்குத் தொரத்தி உடறாங்களா? எங்க சத்துணவு ஆயாவ வேணா ஏரோப்ளேன்ல ஏத்தி உடட்டுமா?" என்று சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "நா வேலைக்குப் போறேனா, இல்லீங்களா? மொதல்ல அதச் சொல்லுங்க."

வியாழனன்று, மகளோடு படிக்கும் பக்கத்து வீட்டு லீனாவின் அம்மா விஷயம் கேள்விப்பட்டு வந்தார். மதியச் சமையலுக்காகவே அவரும் அரைநாள் வேலையில் இருக்கிறாராம். இன்னொரு குடும்பத்தையும் அவரே சேர்த்துக்கொண்டார். மூன்று நாள், மூன்று வீடு; நாளுக்கொரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு. திங்கள் எங்கள் முறை. அன்று நான் வேலைக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. வெள்ளி காலை மனைவி சம்மதக் கடிதம் அனுப்பினாள்.

இன்று திங்கள். மூன்று பிள்ளைகளுக்கும் சோறும் முட்டைக் குழம்பும். 12.25க்கு மனைவி அழைத்தாள்.

"புள்ளைங்க சாப்புட்டாங்களா?"

"சாப்புட்டுக்கிட்டே இருக்காங்க. நீ வேலையப் பாரு."

எதிரே லீனா குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து விரல்களைச் சப்பிக்கொண்டிருந்தாள். என் மகள் கத்தியும் முள்கரண்டியுமாக நிமிர்ந்து உட்கார்ந்து, முட்டையை நேர்த்தியாக நான்காக வெட்டிக்கொண்டிருந்தாள்.