சுவரில் ஏறிய விரல்கள்

பேய் எங்கே இருக்கிறது என்று மூன்றாம் வகுப்பில் என்னை யாராவது கேட்டிருந்தால், பசுந்தாங் கோயில் மண்டபத்தைத்தான் காட்டியிருப்பேன். அங்கே பட்டப்பகலில் பத்துப் பெண்கள் சுவரைப் பார்த்து நிற்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். ஒரு கை தொங்கிக்கொண்டிருக்கும். மறு கையின் விரல்கள் மட்டும் நண்டு மாதிரி சுவரில் மெல்ல ஏறும். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

எல்லோரும் மார்புப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள். இறுகிப்போன தோளைத் தளர்த்த, கோயில் மாதர் சங்கமும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் சயாமாவும் சேர்ந்து நடத்திய பயிற்சி அது. எங்கள் ஊரில் டீச்சரம்மாவைப் பர்மிய மொழியில் சயாமா என்போம். கன்னத்தில் பூசும் தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பை விரலில் தொட்டு, கை எட்டிய இடத்தில் வைக்க வேண்டும். ஆளுக்கொரு வரிசை. ஞாயிறுதோறும் சயாமா டேப்பால் அளந்து, போனில் படமெடுத்துப் போவார். நோட்டில் எழுதச் சொன்னால் பெண்கள் கூட்டிக் குறைத்து எழுதுவார்கள் என்று சங்கத்தார் கண்ட ஏற்பாடு. என்னை அவர்கள் யோசிக்கவில்லை.

எதிர்வீட்டு அத்தையின் வரிசை தோளுயரத்திலேயே நின்றுபோயிருந்தது. மழை தொடங்கிய மாதம் அத்தை செத்துப்போனாள். அவள் தடங்களை யாரும் துடைக்கவில்லை. அந்த இடத்தில் யாரும் நிற்கவுமில்லை. சுவரில் ஈரம் ஏறினால், இப்போதுதான் வைத்ததுபோல் அவை பளபளக்கும். தடம் நின்றால் ஆள் போய்விடும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அப்புறம் அம்மாவின் தடமும் நின்றது. இரண்டு வாரமாக ஒரே இடம்.

"அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தா நோய் திரும்பிடுச்சான்னு ஆஸ்பத்திரில காட்டிடணும், அக்கா" என்றார் சயாமா.

அத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானே திரும்பவில்லை! சனிக்கிழமை மத்தியானம், ஆளில்லாத மண்டபத்தில் ஸ்டூல் போட்டு ஏறினேன். பக்கத்திலேயே அத்தையின் வரிசை. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோலிருந்தது. திரும்பிப் பார்க்காமல், அம்மாவின் கடைசித் தடத்துக்கு ஒரு சாண் மேலே, குழம்பில் தோய்த்த மூன்று விரலைப் பதித்துவிட்டுக் குதித்து ஓடினேன்.

மறுநாள் அளந்த சயாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இது உங்க கைதானா, அக்கா?"

அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். என் விரல் அவள் விரலில் பாதிதான் இருக்கும். திரும்பி, கூட்டத்தில் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்தாள். அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

"என்னோடதுதான் சயாமா" என்றாள். "கஷ்டப்பட்டுத்தான் வச்சேன்."

வீடு போய்ச் சேரும்வரை அம்மா என் கையை விடவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் குதித்துக் குதித்து நடந்தேன். ஆஸ்பத்திரிக்கு என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருந்தாள் என்பது, அடுத்த மழைக்காலம் அவள் இல்லாமல் வந்தபோதுகூட எனக்குப் புரியவில்லை.