சந்தனத்துக்குக் கீழே ஓர் அம்பு

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், படங்களுக்கு நடுவே ஒரு பழைய சட்டைப்பைக் கடிகாரம் இருக்கிறது. செகந்திராபாத்தை ஒட்டிய லோத்குண்டாவில் நாங்கள் மூன்று வாடகை வீடுகள் மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் முதலில் ஆட்டோ ஏறியது அதுதான், அம்மாவின் மடியில். அப்பா ராணுவ மெஸ் ஒன்றில் பரிமாறுகிறவர். ஆரணிப் பக்க வழக்கப்படி அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். வேலைக்குக் கிளம்பும் முன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்பார். அது ஓடுவது தெரிந்த பிறகுதான் செருப்பு மாட்டுவார். ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்கும் சைக்கிளுக்கும் என் கால்குலேட்டருக்கும் ஆளுக்கொரு பொட்டு. கடிகாரத்துக்கு மட்டும் பின்மூடி முழுக்கச் சந்தனம், அதன் மேல் குங்குமம். பழைய பூச்சை யாரும் துடைத்ததில்லை. வருஷா வருஷம் அதன் மேலேயே பூசி, அது காய்ந்த மண் போல இறுகிப் போயிருந்தது.

அதன் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நைனாவின் அப்பா வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பரிமாறியவர். சீமைக்குத் திரும்பும்போது ஒரு துரை தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து, “நீ வைத்துக்கொள்” என்று கொடுத்தாராம். துரையின் பெயர் யாருக்கும் தெரியாது. தாத்தா நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்.

காஞ்சன்பாக்கில் ஒரு ராணுவ ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலைக்கு நான் தேர்வானேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். போலீஸ் விசாரணை முடிந்தால்தான் வேலை. அதற்கான படிவத்தின் உச்சியில், எந்த உண்மையை மறைத்தாலும் தகுதி போய்விடும் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. மற்றவர்கள் அதைத் தாண்டிப் பெயர், முகவரி என்று எழுதப் போயிருப்பார்கள். நான் நாலு தரம் படித்தேன். எங்கள் வீட்டில் அச்சில் வந்த எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. எது லேசு, எது கனம் என்று சொல்லித் தரவும் ஆள் இல்லை.

படிவத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்த நாட்களில்தான் அந்தத் துரையைக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றியது. பெயர் கிடைத்தால் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதலாம் என்றுகூட நினைத்தேன். ஈரப் பஞ்சால் பின்மூடியின் மேல் ஓரத்தை மட்டும் மெல்ல ஒற்றினேன். சாமி காரியம், சுரண்ட மனம் வரவில்லை. சந்தனம் கரைந்து ஓர் அம்புக்குறி தெரிந்தது. பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் நாலு, ஓர் எண். சந்தோஷமாகிவிட்டது. ஹால் டிக்கெட் எண்ணைப் போட்டால் பெயரும் மார்க்கும் வருகிற உலகம்தானே எனக்குத் தெரிந்தது? எண் இருக்கிறது, இனிப் பெயர் வந்துவிடும். படம் எடுத்து, பழைய ராணுவக் கடிகாரம் சேகரிக்கிறவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் போட்டேன். தாத்தா கதையையும் எழுதினேன்.

மறுநாள் காலை ஒருவர் பதில் போட்டிருந்தார். எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, எந்தக் கடிகாரம் யார் கைக்குப் போனது என்ற பதிவு இப்போது கிடைப்பதில்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம். அந்த அம்பு அரசாங்கச் சொத்தின் அடையாளம்; போர்க்காலத்தில் வேலைக்காகக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது; எந்த அதிகாரியும் அதைத் தன்னுடையது என்று எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. கடைசியில் ஒரு வரி: உங்கள் குடும்பத்துக்கு இது எப்படி வந்தது?

படத்தை அழித்தேன். கணக்கையே மூடினேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ. என் பெயர், முகம், கூடவே நானே என் கைப்பட எழுதிய கதை. ராணுவத்தின் சொத்து எங்கள் வீட்டில் இருக்கிறது. ராணுவத்துக்குள் போகத்தான் நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எந்த உண்மையையும் மறைக்கவில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்த உண்மையில் கடிகாரம் சேருமா, சேராதா? என் வேலை மட்டுமா? நைனா சாப்பாடு பரிமாறுவதும் ராணுவத்தில்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். “நைனா, துரை குடுத்தாருன்னு யாரு சொன்னது?”

“எங்கப்பா சொன்னாரு. வேற யாரு சொல்லணும்?”

“நேர்ல பாத்தவங்க யாரும்...”

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். “இன்னாடா கேக்கற நீ? எங்கப்பா திருடினு வந்தாருன்றியா? நாலு எழுத்து படிச்சிட்டா பெத்தவனோட அப்பனையே விசாரிப்பியா?”

“நக்கோ நைனா, வேணாம், விடுங்க” என்றாள் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பி, “கைக்கு அண்ணா இத்னா டர்? போலீஸ்காரங்க இந்த டப்பாவைப் பாக்கவா வர்றாங்க? ஏன் இப்டி பயந்து சாவற?”

அந்த வாரம் முழுக்க வாசலில் பைக் நின்றாலே நான் ஜன்னலுக்கு ஓடினேன். கேஸ் சிலிண்டர் போடும் பையன் வந்தான், கேபிள்காரர் வந்தார். ஒவ்வொரு தரமும் என் கண் சாமி அலமாரிக்குப் போகும். எங்கே போனாலும் அதன் டிக் டிக் கேட்டது. பேகம்பேட்டில் பஸ் இரைச்சலுக்கு நடுவில்கூடக் கேட்டதாக நினைத்தேன். அதை எங்காவது தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். மறுநாள் நைனா சாவி கொடுக்க எதை எடுப்பார்? கடைசியில் ஒரு சனிக்கிழமை, அம்மா குளிக்கப் போன நேரத்தில், சந்தனத்தைக் குழைத்து அம்பின் மேல் நன்றாக அப்பினேன். நடுவில் குங்குமமும் வைத்தேன். அவசரத்தில் பொட்டு கோணலாகிவிட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாதாரண உடுப்பில் ஒருவர் வந்தார். ஸ்பெஷல் பிராஞ்ச் கான்ஸ்டபிள். எதிர்வீட்டிலும் மளிகைக் கடையிலும் என்னைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஆதார், மார்க்‌ஷீட், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் பார்த்தார். இந்தியில்தான் பேச்சு. எல்லாவற்றுக்கும் நான் “ஜீ சார்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அம்மா டீ கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

“க்யா ஆவாஸ் ஹை யே? டிக் டிக்?” என்ன சத்தம் என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே நைனா எழுந்துவிட்டார். மெஸ்ஸில் பெரிய அதிகாரிகள் முன்னால் நிற்கிற அதே நிமிர்வு. “மிலிட்டரி கடியாரம் சார்! எங்கப்பாக்கு ஒரு துரை குடுத்தாரு. ஹமாரே பாப் கோ. அங்ரேஸ் அஃப்சர் தியா!”

எடுத்தும் கொடுத்துவிட்டார்.

கான்ஸ்டபிள் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். முகப்பைப் பார்த்தார். திருப்பினார். ஈரம் முழுதாகக் காயாத சந்தனம் அவர் கட்டைவிரலில் ஒட்டியது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் போதும். அவர் விரலைப் பார்த்தார், பிறகு சாமி படங்களைப் பார்த்தார். “அரே, பூஜை சாமானா” என்று கடிகாரத்தைக் கண்ணில் ஒற்றி நைனாவிடம் திருப்பிக் கொடுத்தார். டீயை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். நான் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அதுவரை கடிகாரம் தாத்தாவின் விவகாரம். சந்தனம் அப்பியது நான். உண்மையை மறைத்தால் தகுதி போய்விடும் என்ற அந்த வரி சொன்ன தப்பை இப்போது நானே செய்துவிட்டேன்.

திங்களன்று, சுத்தம் செய்ய வேண்டும் என்று நைனாவிடம் சொல்லி அதை செகந்திராபாத்தில் ஒரு பழைய கடிகார ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஏதாவது சொன்னால் நேரே காவல் நிலையம் போய் ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒப்புக்கொள்ளும் கடிதம்கூட எழுதி மடித்துப் பையில் வைத்திருந்தேன்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இத்னா சந்தன்! வாட்சுக்குக் கல்யாணமா?” என்று சிரித்துக்கொண்டே, பின்மூடியைக் கழற்றி பெட்ரோலில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். அழுக்கு வழிந்து உலோகம் வெளுத்தது. அம்பு தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் இன்னும் கீழே தேய்த்தார். நான் தொடத் துணியாத இடத்திலிருந்து இன்னொரு அம்பு மேலே வந்தது. தலைகீழ் அம்பு. இரண்டும் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றன.

“யே க்யா ஹை பாய்?” இது என்ன என்று கேட்டேன்.

“ஒரு தீர், ஒரு அம்பு இருந்தா சர்க்கார் மால். ரெண்டு தீர் ஆம்னே சாம்னே இருந்தா, சர்க்கார் பேச் டாலா. வித்துட்டாங்க. லடாய், யுத்தம் முடிஞ்சதும் மூட்டை மூட்டையா ஏலம் விட்டாங்களே, அந்த மால்.” லென்ஸைக் கழற்றி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “தண்ணி குடிக்கிறியா?”

குடித்தேன். பையிலிருந்த கடிதத்தை அங்கேயே சின்னச் சின்னதாகக் கிழித்தேன். கடையை விட்டு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் மற்றது உறைத்தது. ஏலத்தில் விற்றது என்றால் துரை இல்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து யாரும் எதுவும் கொடுக்கவில்லை. தாத்தா எங்கோ ஒரு குவியலிலிருந்து பொறுக்கி வாங்கியிருக்கிறார். இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது? கான்ஸ்டபிள் முன்னால் உட்கார்ந்திருந்ததைவிட அந்த பஸ் பயணம் மோசமாக இருந்தது.

சொன்னேன். பின்மூடியையும் காட்டினேன். அவர் இரண்டு அம்புகளையும் நகத்தால் தடவினார்.

“அப்போ திருட்டுச் சாமான் இல்ல.”

“இல்ல நைனா.”

“துரையும் இல்ல.”

பிறகு நைனா அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். “மெஸ்ல வர்ற போற அதிகாரிங்க கிட்டல்லாம் சொல்லிகீறன்டா. ஒரு பெரிய சாப் எங்கப்பா பேருக்கு எழுந்து நின்னு சல்யூட் வச்சாரு. யார் கிட்டயும் இத சொல்லிடாத.” அவர் கண்ணில் அன்று நான் பார்த்தது, அந்த வாரமெல்லாம் கண்ணாடியில் என் முகத்தில் பார்த்ததேதான்.

விசாரணை நல்லபடியாக முடிந்து வேலைக்கான கடிதம் வந்தது. சேரும் நாளில் இன்னொரு படிவம் கொடுத்தார்கள். உச்சியில் அதே வரி. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் பார்த்தேன். பிறகு அதைத் தாண்டிப் பெயர், முகவரி என்று எழுதினேன்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு நைனாவே சந்தனம் அரைத்தார். கடிகாரத்தைத் திருப்பி வைத்து, பின்மூடியில் ஒரு விளிம்புகூடத் தெரியாமல் நிதானமாகப் பூசினார். ஒருமுறை பூசி, காயவிட்டு, மேலே இன்னொரு முறை பூசினார். குங்குமக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தது நான்தான்.