சிரிப்புக்கு விட்ட இடம்

ராப் ஆல்பங்களில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வேடிக்கைப் பேச்சு வைக்கிறார்களே, அது ஆல்பத்துக்கு அழகா, கெடுதலா என்று என் தங்கை வீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் அதுதான் உயிர் என்கிறான். இன்னொருத்தி பேச்சு வந்தாலே தாண்டிவிடுகிறாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் அனுபவம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. பாட்டுக்கு நடுவே வந்து பேசுகிறவனாக நானே இருந்திருக்கிறேன்.

எண்பதுகளில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மல்காஜ்கிரியில் ஒற்றை அறை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ், நடுவில் இயந்திரச் சத்தம். கூட வேலை பார்த்தவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினார்கள். நான் தேவைக்கு மட்டும் பதில் சொல்வேன். வேலை நாட்கள் எப்படியோ கழிந்துவிடும். லீவு நாள்தான் கடிக்கும்.

அப்போதுதான் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழர்கள் சிலர் மெல்லிசைக் குழு நடத்துவது தெரியவந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தலைவர் வீட்டில் ஒத்திகை. அவர் ரயில்வேயில் கிளார்க். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக ஊன்றிவிட்ட கத்தோலிக்கக் குடும்பம். தமிழ்தான் பேசுவார், ஆனால் 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. இரண்டு மூன்று குரலில் மாற்றி மாற்றிப் பேச வரும்.

"அது போதும் தம்பி," என்றார் தலைவர். "கிடாருக்கு ட்யூன் பண்ற நேரத்துல ஜனங்க எழுந்து போயிடறாங்க. நீ எதையாவது பேசி உக்கார வை."

அதுதான் என் உத்தியோகம். பாட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் பேச்சு, பிறகு ஓரமாக ஒதுங்கி நிற்பது. ஆனாலும் சனிக்கிழமைக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பேன். தலைவரின் மனைவி எல்லோருக்கும் டீ கொடுப்பார். அந்த எல்லோரில் நானும் ஒருவன்.

அதிகம் எடுபட்டது வாடகைக்கு வீடு தேடுகிற பேச்சு. வீட்டுக்காரர் கட்டைக் குரலில் கேட்பார், "கல்யாணம் ஆயிடுச்சா?" "பேச்சு நடந்துட்டிருக்கு சார்." "யாரு யாரு பேசிட்டிருக்கீங்க?" "இப்போதைக்கு நான் மட்டும்தான் சார்." ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் இதைச் சொன்னால் பின்வரிசை வரை சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைச் சொன்னால் அது வீணாகிவிடும். அதனால் ஒவ்வொரு வேடிக்கைக்கும் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்விட்டு மூன்று எண்ணுவேன். இதை யாரும் கற்றுத் தரவில்லை, மேடையில் தானாகப் படிந்த பழக்கம்.

தலைவர் சொந்தமாகப் பத்துப் பாட்டு எழுதி மெட்டமைத்து வைத்திருந்தார். அதைக் கேசட்டாகப் போடலாம் என்று முடிவானது. நடுநடுவே என் பேச்சு மூன்று இருக்கட்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். குழுவில் சிலர் முகம் சுளித்தார்கள். தலைவர் தாட்சண்யத்துக்கு ஒப்புக்கொண்டார்.

ஆபிட்ஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோ. பாட்டெல்லாம் பதிவாகி முடிந்ததும் மற்றவர்கள் டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார்கள். நானும் மைக்கும் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். உருதுக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் ஆரம்பித்தேன். மூன்று பேச்சும் ஒரே மூச்சில் முடிந்தது. அவர் சிரிக்கவில்லை, அவர் மேல் குற்றமில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கேசட் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடம் மாதா கோயில் வாசலில் விற்றோம். இரண்டு வாரம் கழித்து ஒத்திகைக்குப் போனால், ஹார்மோனியத்தின் மேல் ஏழெட்டுக் கேசட் கிடந்தது. எல்லாம் திரும்பி வந்தவை. 'டேப் விட்டு விட்டு வருது' என்று புகார். ஒருவர் ஸ்பிரிட் தொட்டு, டேப் உரசுகிற ஹெட்டைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். இன்னொருவர் டேப் ரெக்கார்டரையே ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டார்.

"டேப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் தலைவர். "நீதான் நடுவுல நடுவுல நின்னுடற. கைக்கு நின்ன?"

"சிரிப்புக்குண்ணே."

"யாரு சிரிப்புக்கு?"

மேடைப் பழக்கத்தில், ஆளில்லாத அறையில், மூன்று மூன்றாக எண்ணி இடம் விட்டிருக்கிறேன். வாங்கினவன் வீட்டில் என் குரல் சட்டென்று நிற்கும், ஒன்றும் கேட்காது, பிறகு மறுபடி வரும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பான்?

இடைவெளி இல்லாமல் திரும்பப் பேசித் தருகிறேன் என்று மன்றாடினேன். கிடார்க்காரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "பாட்டை நூறு வாட்டி கேப்பாங்க. ஜோக்கை ரெண்டாம் வாட்டி யாரு கேப்பா? பாட்டுல ஒரு மூடு வருது, உடனே நீ வந்து நிக்கறே," என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவன் கிடாரையும் அது என்றைக்குமே சுருதியில் நிற்காததையும் சேர்த்துத் திட்டினேன். தலைவர் இருவரையும் அடக்கினார். மறுபதிப்புக்கு முன்னால் நீயே ஒரு தடவை முழுசாகக் கேள் என்றார். "வைக்கச் சொன்னா வைக்கிறேன். நக்கோன்னா எடுத்துடறேன்."

அப்படி என் கையில் கொடுத்ததுதான் வம்பு. எடுக்கச் சொன்னால், கேசட்டில் இல்லாதவனுக்குச் சனிக்கிழமை அந்த வீட்டில் என்ன வேலை? ஓசி டீ குடிக்கிறவன் கணக்காகப் போய் உட்கார முடியுமா? வைக்கச் சொன்னால் அவர்கள் பாட்டு கெட்டது என்னால் என்றாகும்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறையில் உட்கார்ந்து போட்டேன். நான்காவது பாட்டு தலைவரின் மனைவி பாடியது. கணவன் டூட்டிக்குப் போன வீட்டில் ஒருத்தி விளக்கு வைப்பதைப் பற்றிய பாட்டு. முடிகிற இடத்தில் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி விட்டுவிடுவார். மனசு அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது கட்டைக் குரலில் நான் நுழைந்தேன். பூசை நடக்கிற இடத்தில் செருப்போடு புகுந்தவன் மாதிரி இருந்தது. கிடார்க்காரன் சொன்னது சரி என்று அந்த நொடியே தெரிந்தது. அவனிடம் அதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

பேச்சு ஓடியது. "யாரு யாரு பேசிட்டிருக்கீங்க?" "இப்போதைக்கு நான் மட்டும்தான் சார்."

பிறகு அந்த இடைவெளி. இன்ஸ்டிட்யூட்டில் முந்நூறு பேர் சிரித்த இடம். என் அறையில் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தபோது அது நகைச்சுவை. சிரிக்க ஆளில்லாமல் கேட்டால் அது வெறும் செய்தி. என்னைப் பற்றிய செய்தி, என் குரலிலேயே. ரீவைண்ட் செய்து மறுபடியும் கேட்டேன். அழுகை வந்தது. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை பட்டப்பகலில் டேப் ரெக்கார்டர் முன்னால் அழுதேன் என்று எழுத இப்போது வெட்கமில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே மெட்டுகுடாவுக்குப் போனேன். தலைவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடுங்கண்ணே," என்றேன். "பாட்டு மட்டும் இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

அவர் முகத்தில் நிம்மதி உடனே தெரிந்தது. அதை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. நாளைக்கே ஸ்டுடியோவுக்குப் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பம்பை எடுத்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். பேச்சு முடிந்துவிட்டது, நான் கிளம்ப வேண்டியதுதான்.

"அப்போ சனிக்கிழமை நான் வரணுமாண்ணே?"

அவர் பம்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு வருஷமாக என்னைத் தெரிந்தவர், அன்றுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கேசட்டுக்காகவா நீ இத்தனை நாளா வந்துட்டிருந்த?"

"இல்லண்ணே," என்றேன்.

அவர் உள்ளே திரும்பி, இன்னொரு டம்ளர் டீ போடும்படி மனைவியிடம் சொன்னார்.